நூற்றில் மிச்சம் ஐந்து

ஆகஸ்ட் 4, செவ்வாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா சொல்லி நீ தெரிந்துகொள்வதற்குள் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிச் சரிசெய்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, "இனி ஒரு வருஷத்துக்கு என் மூஞ்சிய நீங்க பாக்க வேண்டியிருக்காது சார்" என்று கட்டட மேனேஜரிடம் கொஞ்சம் கெத்தாகச் சொன்னேன். அந்த மனுஷன் விடவில்லை. "அப்ப நீங்களே ஒரு தடவ ஏறிப் போய்க் காட்டுங்க" என்றார். நான் எங்கே போனாலும் படியில் ஏறுகிறவன் என்பது உனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஏறினேன். ஆறாவது மாடிப் பல் டாக்டர் அம்மாவும் கூட ஏறினார். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே நின்றுவிட்டது.

"யாருக்காவது ஃபோன் பண்ணுங்களேன்" என்றார் டாக்டர்.

"யாருக்குங்க பண்றது? லிஃப்ட் நின்னா எல்லாரும் எனக்குத்தான் பண்ணுவாங்க" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். சிரித்த வாயைப் பார்த்துவிட்டு, "கடைவாயில ரெண்டு பல்லு போயிருக்கு, எடுத்துடணும்" என்றார். ஆக, லிஃப்ட் சரிசெய்யப் போனவன் பல் பிடுங்க நாள் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவை வெளியிலிருந்து திறந்துவிட்டவர் அந்த மேனேஜர். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மூன்றாவது கடிதம் வந்தது. முதல் கடிதத்தில் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டாவதில் அறையில் கூட இருக்கும் பெண் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எந்நேரமும் தூக்கம் என்று. மூன்றாவதில் புள்ளியியல் மண்டையில் ஏறவில்லை, முதல் தேர்வில் நாற்பதுக்குப் பதினொன்று, விடுதி ஆளில்லாத ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று. மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் கல்லூரிக்குப் போனேன். அங்கே ஆபீஸில் இருக்கும் கிளார்க் நமக்கு வேண்டியவர். வணிகவியலில் ஓர் இடம் இருக்கிறதாம். அக்டோபர் இரண்டாவது வாரம் வரை யாருக்கும் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதற்குள் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். வேண்டாத இடத்தில் கிடந்து கஷ்டப்பட வேண்டாம்.

அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. அவள் சம்மதத்தை மெதுவாக வாங்கிக்கொள்ளலாம்.

ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நாம் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிஷம் நீ "வைக்கிறேன்" என்பாய், நான் "வை" என்பேன். அப்புறம் இரண்டு பேரும் அம்மாவிடம் அடுத்தவரைப் பற்றிக் கோள் சொல்வோம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, குறுக்கே பேச முடியாது.

அன்புடன்,
அப்பா

—

ஆகஸ்ட் 8, சனி

அப்பா,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்தும் உட்காரத் தோன்றவில்லை.

யாரைக் கேட்டு இடம் பேசினீர்கள்? "வந்து கூட்டிக்கொண்டு போங்கள்" என்று நான் எந்த வரியில் எழுதினேன்? சாப்பாடு நன்றாக இல்லை என்றால் சாப்பாடு நன்றாக இல்லை என்றுதான் அர்த்தம். இந்தப் படிப்புக்கு வருவதற்கு நான் வீட்டில் எத்தனை நாள் உம்மென்று இருந்தேன் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. "எண்ணுறதுக்கு எதுக்கும்மா டிகிரி, விரல் பத்தாதா" என்று சித்தி வீட்டு ஆட்கள் முன்னால் கேட்டீர்களே, அதை நானும் மறக்கவில்லை. அன்றைக்கே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. நான் கால் இடறும் முதல் இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பீர்கள், என்னைத் தூக்க அல்ல, திருப்பிக் கூட்டிப்போக.

நாற்பதுக்குப் பதினொன்று என்பது உண்மைதான். அதற்கு மேல் வாங்குவதா வேண்டாமா என்பது என் பாடு.

மேலும், உறையில் என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு "பாப்பா" என்று எழுதுவதை நிறுத்துங்கள். வாட்ச்மேன் மாடிப்படி அடியில் நின்று "பாப்பாவுக்கு லெட்டர்" என்று கத்துகிறார். மூன்று மாடிக்கும் கேட்கிறது.

பல்லை எடுத்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் மகள்

—

ஆகஸ்ட் 13, வியாழன்

அன்புள்ள மகளுக்கு,

பாப்பா என்று எழுதவில்லை, பார்த்துக்கொள். உறையிலும் இல்லை.

பல் ஒன்று போய்விட்டது. இன்னொன்றுக்கு டாக்டர் அம்மா நாள் கொடுத்திருக்கிறார். அவர் கிளினிக்குக்கு ஆறு மாடியும் படியிலேயே ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கிய வாங்கலில், பல்லை விட்டுவிட்டு நெஞ்சைப் பார்க்கலாமா என்று அவர் யோசித்தார்.

கோபத்தில் எழுதியிருக்கிறாய், சரி. நான் யோசித்த விதத்தையும் கேள். இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பார்க்கிறேன். நான் போய்ப் பார்த்த லிஃப்ட்டில் ஒன்றுகூட ஓடிக்கொண்டு இருந்ததில்லை. எல்லாம் நின்றது, தொங்கியது, கதவு மூடாதது, மூடினால் திறக்காதது. இத்தனையைப் பார்த்த பிறகு எவன் லிஃப்ட்டில் ஏறுவான்? அதனால்தான் நான் படியில் போகிறேன். ஊரே சிரிக்கிறது, சிரிக்கட்டும்.

உன்னிடமிருந்து வந்தது மூன்று கடிதம். மூன்றிலும் அழுகைதான். நான்காவது வந்தது, அதில் என் மேல் கோபம். நல்லதாக ஒரு வரி, "இன்று காற்று நன்றாக வீசியது" என்றாவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். அம்மாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாள். இல்லை. வேறு எதை வைத்து நான் முடிவு செய்வேன், சொல்?

"அவ எழுதாத நாளெல்லாம் எப்பிடி இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறாள் உன் அம்மா. எழுதினால்தானே தெரியும்.

இடம் இன்னும் இருக்கிறது. கிளார்க் நேற்று பார்த்தபோதும் ஞாபகப்படுத்தினார்.

அப்பா

—

ஆகஸ்ட் 18, செவ்வாய்

அன்புள்ள அப்பா,

இந்தக் கடிதத்தைக் கோபமில்லாமல் எழுதுகிறேன், அதனால் கவனமாகப் படியுங்கள்.

எங்களுக்குப் புள்ளியியல் எடுப்பவருக்குத் தோராயம் மேடம் என்று பெயர் வைத்திருக்கிறோம். எதைச் சொன்னாலும் "தோராயமா" என்றுதான் ஆரம்பிப்பார். வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட. இன்று அவர் சொன்னது இது: "தோராயமா, ஊர்ல எத்தன பேர் ஆரோக்கியமா இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணுமா? ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்காதீங்க." வகுப்பே பேசாமல் எழுதிக்கொண்டிருந்தது. நான் மட்டும் சிரித்துவிட்டேன். எனக்கு உங்கள் லிஃப்ட் ஞாபகம் வந்துவிட்டது.

ஓடுகிற லிஃப்ட்டுக்கு யாரப்பா உங்களைக் கூப்பிடுவார்கள்? இந்த ஊரில் உள்ள எல்லா லிஃப்ட்டும் சேர்ந்து ஒரு பெரிய கூட்டம். அதற்கு முழுமைத்தொகுதி என்று பெயர். அதில் உங்கள் கண்ணுக்குப் படுவது ஒரு கைப்பிடி, அதற்கு மாதிரி என்று பெயர். மாதிரியைப் பார்த்து முழுசைப் பற்றிச் சொல்லலாம், அதுதான் எங்கள் பாடமே. ஆனால் அந்தக் கைப்பிடியை முழுசிலிருந்து பாரபட்சம் இல்லாமல் அள்ளியிருக்க வேண்டும். உங்கள் கைப்பிடியில் நின்றுபோனவை மட்டும்தான் விழுகின்றன. நீங்கள் இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறீர்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் உங்களைக் கிண்டல் செய்த சந்தோஷத்தோடு தூங்கியிருப்பேன். மதியம் இன்னொன்று உறைத்தது. என் முதல் மூன்று கடிதங்களையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள். மூன்றும் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று பக்கத்து ஊர்ப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பாதி விளக்கை அணைத்துவிடுவார்கள். எனக்கும், என் அறையில் இருக்கும் தூங்குமூஞ்சிக்கும்தான் போக இடம் இல்லை. அவளும் தூங்கிவிடுவாள். அப்போதுதான் எனக்குக் கடிதம் எழுத நேரம் கிடைக்கும். மற்ற ஆறு நாளும் ஓடிக்கொண்டிருப்பேன், உங்களுக்கு எழுதத் தோன்றாது.

ஆக, நீங்கள் கையில் வைத்திருப்பது என் வாழ்க்கை இல்லை. என் ஞாயிற்றுக்கிழமைகள்.

அதனால் ஒரு யோசனை. செப்டம்பர் மாதத்தின் தேதிகளைச் சீட்டில் எழுதி, குலுக்கி, ஒன்பது சீட்டை எடுப்போம். நானும் எடுக்கக் கூடாது, நீங்களும் எடுக்கக் கூடாது. அம்மா எடுக்கட்டும். எந்தத் தேதி என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். அந்தத் தேதி வந்ததும் சாயங்காலம் எனக்கு ஃபோன் செய்து "இன்னிக்கு" என்று மட்டும் சொல்லட்டும். அன்றைய நாளுக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டு, நடந்ததை இரண்டு வரி எழுதி, தபால் கார்டில் அனுப்புகிறேன். ஒன்பதும் சேர்ந்ததும் கணக்குப் போடலாம்.

விடை ஒற்றை எண்ணாக வராது. வெறும் ஒன்பது நாளை வைத்து "இவ்வளவுதான்" என்று அடித்துச் சொல்ல முடியாது. இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். அதற்கு நம்பிக்கை இடைவெளி என்று பெயர்.

சம்மதமா?

உங்கள் மகள்

—

ஆகஸ்ட் 23, ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை வாசலில் வைத்துப் படித்தேன். அம்மா பின்னால் நின்று என் தோள்வழியாகப் படித்தாள். "ஆஸ்பத்திரி வாசல்" வந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்புக்கு எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

தேதியைப் பார்த்தேன். மூன்றும் ஞாயிறுதான். அது எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் கடிதத்தை நானும் ஞாயிறில்தான் எழுதுகிறேன், ஆனால் எனக்கு ஞாயிறு நல்ல நாள், யாரும் கூப்பிடமாட்டார்கள்.

நம்பிக்கை இடைவெளி என்றதும், அது நமக்குள் ஏற்கெனவே இருப்பதுதானே, அதற்கு எதற்குக் கணக்கு என்று நினைத்தேன். இருந்தாலும் சம்மதிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. இதிலிருந்து இதுவரை என்றாய் அல்லவா? அந்த "இதிலிருந்து" இருக்கிறதே, கீழ்நுனி, அது ஐந்துக்கு மேலே இருக்க வேண்டும். மேல்நுனி வானத்தைத் தொட்டாலும் எனக்கு அக்கறையில்லை. லிஃப்ட்டை எத்தனை பேர் வேண்டுமானாலும் தாங்கும் என்று யாரும் வாங்குவதில்லை, குறைந்தது எத்தனை பேரைத் தாங்கும் என்றுதான் கேட்பார்கள். கீழ்நுனி ஐந்துக்கு மேலே வந்தால், கிளார்க்கிடம் போய் இடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வரவில்லையென்றால் நீ வாயைத் திறக்காமல் பெட்டியைக் கட்ட வேண்டும்.

ஒரு சந்தேகம். எதற்கு ஒன்பது நாள்? முப்பது நாளுக்கும் மார்க் போட்டு அனுப்பிவிட்டால் நுனியும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாமே?

சீட்டெல்லாம் எழுதி என் கிரீஸ் டப்பாவில், கழுவிய டப்பாதான், போட்டுக் கொடுத்தேன். அம்மா திரும்பி உட்கார்ந்து எடுத்தாள். எந்தத் தேதி என்று கேட்டால், "ஒங்க வேலையப் பாருங்க" என்கிறாள்.

அப்பா

—

ஆகஸ்ட் 28, வெள்ளி

அன்புள்ள அப்பா,

நிபந்தனைக்குச் சம்மதம். கீழ்நுனியைப் பிடித்தீர்கள் பாருங்கள், எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அது தோன்றியிருக்காது. பாராட்டு இத்தோடு முடிந்தது.

முப்பது நாளும் ஏன் கூடாது? லிஃப்ட்டைத் தூக்கும் இரும்புக் கயிறு எவ்வளவு கனம் தாங்கும் என்று பார்க்க, கம்பெனியில் ஒரு துண்டை வெட்டி அறுபடும்வரை இழுப்பார்கள் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். முழுக் கயிற்றையும் இழுத்துப் பார்த்தால் மாட்டக் கயிறு மிஞ்சாது. தினமும் சாயங்காலம் உட்கார்ந்து "இன்றைக்கு நான் சந்தோஷமா" என்று கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கும் நாள் மிஞ்சாது.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றினேன் என்று சொல்லக் கூடாது. இந்த நுனிகள் சத்தியப் பிரமாணம் அல்ல. இதேபோல நூறு தடவை சீட்டு எடுத்து நூறு தடவை கணக்குப் போட்டால், தொண்ணூற்றைந்து தடவை உண்மையான சராசரி அந்த இரண்டு நுனிக்கும் நடுவே இருக்கும். மிச்சம் ஐந்து தடவை வெளியே போய்விடும். நம்முடையது எந்த வகை என்று நமக்குத் தெரியாது. தெரியாமலேயேதான் நம்ப வேண்டும்.

உங்கள் மகள்

—

செப்டம்பர் 3, வியாழன்

அம்மா "இன்னிக்கு" என்றாள், வைத்துவிட்டாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றீர்களா?

மார்க்: 7. ஒன்றும் நடக்கவில்லை. துவைத்த துணி காய்ந்தது. நூலகத்தில் ஜன்னல் பக்கத்து நாற்காலி கிடைத்தது. இதற்கு ஏழு போடலாமா என்று யோசித்தேன். போடலாம்.

—

செப்டம்பர் 17, வியாழன்

மார்க்: 2.

இரண்டாவது தேர்வுத் தாளைக் கொடுத்தார்கள். வகுப்பில் உள்ளவர்களின் சராசரி உயரம் பதினேழு அடி என்று எழுதியிருக்கிறேன். ஏதோ ஓர் இடத்தில் வகுக்க மறந்துவிட்டேன். தோராயம் மேடம் அதைப் படித்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். "தோராயமா, இந்த ரூமுக்குள்ள யாரும் வர முடியாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தூங்குமூஞ்சியும் சிரித்தாள், அன்றைக்குப் பார்த்து விழித்திருந்தாள். துவைக்கும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் ஃபோன் அங்கேதான் வந்தது.

ஒன்று போடலாம் என்றுதான் நினைத்தேன். இரவுச் சாப்பாடு சூடாக இருந்தது, அதற்கு ஒன்று சேர்த்தேன்.

—

செப்டம்பர் 21, திங்கள்

அன்புள்ள மகளுக்கு,

இரண்டு பார்த்தேன்.

ஃபோனைக் கையில் எடுத்தேன். அம்மா பிடுங்கிவிட்டாள். "கணக்கு முடியறவரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது, மாதிரி கெட்டுப்போயிரும்" என்கிறாள். மாதிரி, சராசரி என்று இப்போது அவளும் பேச ஆரம்பித்துவிட்டாள். ஒரு வீட்டில் எத்தனை பேர்தான் படிப்பது.

அதனால் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பல்லும் போய்விட்டது. அதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அப்பா

—

செப்டம்பர் 22, செவ்வாய்

மார்க்: 8.

தூங்குமூஞ்சி நேற்றிலிருந்து எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். அன்று சிரித்ததற்கு மன்னிப்பு கேட்கவில்லை, "பதினேழு அடின்னா சிரிக்காம என்ன செய்யறது, நீயே சொல்லு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் இரவெல்லாம் படிக்கிறவளாம், அதனால்தான் பகலில் தூங்குகிறாள். இரண்டு மாதமாக நான் அவளைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டுச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். இதை நீங்கள் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள்.

—

அக்டோபர் 1, வியாழன்

அன்புள்ள அப்பா,

ஒன்பதும் முடிந்தது. கார்டுகளை வைத்துக்கொண்டு சரிபாருங்கள்: 7, 6, 8, 5, 2, 8, 7, 6, 5. கூட்டினால் ஐம்பத்துநாலு. சராசரி ஆறு.

ஒவ்வொரு மார்க்கும் ஆறிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகலை அதாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் இருபத்தெட்டு வரும். அதில் பதினாறு அந்த ஒரு இரண்டால் மட்டும் வந்தது. இருபத்தெட்டை எட்டால் வகுக்க வேண்டும், ஒன்பதால் அல்ல. ஏன் என்று கேட்காதீர்கள், தூங்குமூஞ்சிக்குத்தான் தெரியும். வருவதற்கு வர்க்கமூலம் எடுத்து, மூன்றால் வகுத்து, அட்டவணையில் உள்ள 2.3-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை. ஆறிலிருந்து ஒன்றரையைக் கழித்தால் கீழ்நுனி. கூட்டினால் மேல்நுனி.

நாலரையிலிருந்து ஏழரை.

நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். தூங்குமூஞ்சியிடமும் கொடுத்துப் பார்த்தேன். நாலரைதான் வருகிறது, ஐந்து வரவில்லை.

நிபந்தனைக்கு நான்தான் சம்மதித்தேன். வாதாட மாட்டேன். எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள். பெட்டியில் ஒரு கைப்பிடி பிய்ந்திருக்கிறது, வரும்போது ஏதாவது கயிறு கொண்டுவாருங்கள். இரும்புக் கயிறு வேண்டாம்.

உங்கள் மகள்

—

அக்டோபர் 6, செவ்வாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மன்னித்துக்கொள், இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பாப்பா. உறையில் போடவில்லை.

உன் கணக்கை நானும் போட்டேன். மூன்று சாயங்காலம் போனது. முதல் தடவை எனக்குச் சராசரி இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. பதினேழு அடி யாருடைய ரத்தத்திலிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா என்று அம்மா கேட்டாள். கடைசியில் எனக்கும் நாலரை வந்தது. வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நான்தானே ஜெயித்தேன்.

அப்புறம் சும்மா இருக்க முடியாமல் ஒன்று செய்தேன். அந்த இரண்டை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஐந்து என்று எழுதி, முழுக் கணக்கையும் முதலிலிருந்து போட்டேன். ஆறு வேண்டாம், ஏழு வேண்டாம், வெறும் ஐந்து. கீழ்நுனி ஐந்தைத் தாண்டிவிட்டது. நன்றாகவே தாண்டிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "அவ அஞ்சுன்னு எழுதியிருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள்.

எனக்கு எங்கே தெரிந்திருக்கும். பதினேழு அடி விஷயம் எனக்கு வந்தே சேர்ந்திருக்காது. குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்த பெண், கார்டை எடுத்து, இது தன் காலை வாரும் என்று தெரிந்தே இரண்டு என்று எழுதியிருக்கிறாள். அதிலும் சாப்பாடு சூடாக இருந்தது என்று ஒன்றைச் சேர்த்து, சரியாக எடைபோட்டு. அப்படி எழுதுகிறவள் போட்ட ஏழு நிஜமான ஏழு. அவள் போட்ட எட்டு நிஜமான எட்டு. அந்த ஒரு இரண்டுதான் மற்ற எட்டு மார்க்கையும் என்னை நம்பவைத்தது.

மூன்று மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது நீ கஷ்டப்படுகிறாயே என்று அல்ல, இப்போது யோசித்தால் தெரிகிறது. கஷ்டப்பட்டால் சொல்லாமல் இருந்துவிடுவாயோ என்றுதான். இனி அந்தப் பயம் இல்லை. நேற்று நன்றாகத் தூங்கினேன். என் குறட்டைச் சத்தத்தில் தான் தூங்கவில்லை என்கிறாள் அம்மா.

காலையில் கிளார்க்கைப் பார்த்து இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏன் சார், பொண்ணு வரலையா?" என்றார். "கீழ்நுனி நாலரைங்க, போதும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இன்னும் நாலு பல் பிடுங்க வேண்டும்போல இருந்தது.

ஆனாலும் வருகிறேன். கூட்டிப்போக அல்ல, பார்க்க. இந்த ஞாயிறு வருகிறேன், வேண்டுமென்றேதான். உன் ஞாயிறு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்டிக்குப் புதுக் கைப்பிடி வாங்கிவிட்டேன், மாட்டித் தருகிறேன்.

அப்பா

—

அக்டோபர் 8, வியாழன்

அப்பா,

கடிதத்தைத் துவைக்கும் அறையில் போய்ப் படித்தேன். குழாய் திறந்துதான் இருந்தது, ஆனால் இது வேறு கணக்கு. இன்றைக்குச் சீட்டு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பத்து.

வாருங்கள். எங்கள் கல்லூரியில் ஐந்து மாடி. லிஃப்ட் இருக்கிறது. ஓடுகிறது.

—

அக்டோபர் 14, புதன்

அன்புள்ள மகளுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஒரு நாள் தாமதமாக எழுதுகிறேன், வந்ததும் வேலை பிடித்துக்கொண்டது. அந்த ஒன்பது மாடி லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. மேனேஜர், "வருஷம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். "தோராயமா" என்றேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுக் கூடத்தில் பாதி விளக்கு அணைந்திருந்ததையும், நாம் மூன்று பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்ததையும், தூங்குமூஞ்சி எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு அப்படியே மேஜையில் தலையைச் சாய்த்துத் தூங்கியதையும். அந்தப் பெண் தூங்கிக்கொண்டே நம் பேச்சுக்குச் சிரித்தாளே, அதை நடித்தே காட்டினேன். "அப்ப ஞாயிறுக்கு எத்தன மார்க் போட்டீங்க?" என்றாள் அம்மா. நாலு போட்டேன். நாலுதான் இருக்கும். ஆனால் நாலு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பார்த்துவிட்டேன், அது போதும்.

லிஃப்ட் விஷயத்தை மட்டும் அவள் நம்பவில்லை. "அவரு ஏறினாரா, நேர்ல பாத்தாத்தான் நம்புவேன்" என்று எதிர் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ "ஏறுங்கப்பா, நான் இருக்கேன்ல" என்றாய். மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஐந்தாவது மாடி வந்ததும் கதவு தானாகத் திறந்தது. யாரும் வெளியிலிருந்து திறக்க வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இத்தனை வருஷமாக அவை இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன போலிருக்கிறது, நான் பார்க்காத இடத்தில்.

ஸ்டேஷனில் நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "பக்கத்து சீட்டுக்கு யாரும் வரலையாப்பா?" என்று கேட்டாய். "அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவாங்க போல" என்றேன். அதில் என் பையை வைத்திருந்தேன். வண்டி நகர்ந்தது. நீ கொஞ்ச தூரம் கூடவே நடந்துவந்தாய், அப்புறம் நின்றாய், கையைக் காட்டினாய், திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனாய். வேகமாகத்தான் போனாய். போக ஓர் இடம் இருக்கிறவள் போகிற மாதிரி. நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊர் எல்லை தாண்டியதும், நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர், "இங்க ஆள் வருதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. யாரும் வரல. நல்லா சாஞ்சு உக்காருங்க" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருந்த நிம்மதி அந்தப் பெரியவருக்குத் தெரிய நியாயமில்லை. உட்கார இடம் கிடைத்ததற்கு அவர்தான் எனக்கு நன்றி சொன்னார்.

அது யாருடைய சீட் என்று அவரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. போகும்போதே திரும்பிவர இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன், ஒன்று உன் பெயரில். கணக்கை நம்பாமல் இல்லை. தொண்ணூற்றைந்தையும் நம்பித்தான் வந்தேன். அந்த டிக்கெட் மிச்சம் ஐந்துக்கு.

அப்பா